கடைசி ஒரு மாதம்: ராம்ஸ்டைனை விட்டுக் கிளம்புகிறவர்களுக்கு

ஜூன் 2 | வாசகி கேள்வி

கணவர் அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறார். ஜெர்மனியில் கைசர்ஸ்லவுட்டர்ன் பக்கம் மூன்று வருடமாக இருக்கிறோம். திரும்பிப் போக ஆர்டர் வந்துவிட்டது, இரண்டு மாதம்தான் பாக்கி. சாமான் கட்டுவது எப்படி என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். என் கேள்வி வேறு. என் அண்ணன் போனில் சொல்கிறான்: "பேஸுக்குள்ளேயே இருந்துட்டு ஜெர்மனியில இருந்தேன்னு சொல்லாதே. அமெரிக்காவுல ஒரு துண்டுலதான் இருந்திருக்கே." பேஸ் கடையான கமிசரியில்தான் மளிகை வாங்கினேன், டாலரில்தான் செலவு செய்தேன், குழந்தை படித்ததும் அமெரிக்கப் பள்ளி. அவன் சொல்வது சரியாக இருக்குமோ என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு

நாங்களும் இதே கோடையில், இதே இடத்திலிருந்துதான் கிளம்புகிறோம். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. அமெரிக்காவுக்கு வெளியே அமெரிக்கர்கள் இவ்வளவு பேர் சேர்ந்து வாழும் ராணுவ சமூகம் வேறு எங்கும் இல்லை. படையினர், குடும்பங்கள், சிவிலியன் ஊழியர்கள் எல்லாம் சேர்த்து 50,000 பேருக்கு மேல். ராம்ஸ்டைன் விமான தளம், லாண்ட்ஸ்டூல் ராணுவ மருத்துவமனை, ஃபோகல்வேயில் கமிசரி, பள்ளிகள் என்று ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றினால் ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாமல் மூன்று வருடம் ஓட்டிவிடலாம். தபால்கூட அமெரிக்க உள்நாட்டு முகவரி மாதிரிதான் வரும். 1950களின் தொடக்கத்திலிருந்து இப்படித்தான். வந்தவர் போக, புதியவர் வர, ஊர் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆனால் மீதிப் பாதி? நாம் யாரும் கொஞ்ச நாள் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் இல்லை. இங்கே குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது, கணவர் பயிற்சிக்குப் போன வாரத்தில் பனியில் கார் நின்றது, அப்போது கதவைத் தட்டியவர் யார்? அதையும் உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள்.

நாளை இன்னும் எழுதுகிறேன். இப்போது அலமாரி காலி செய்கிறேன்.

ஜூன் 3

ஒரு சின்ன விஷயம், ஆனால் பலருக்கு உதவும். நம் ஊரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டர், மிக்ஸி எல்லாம் ஜெர்மனியில் அப்படியே ஓடும். இரண்டு இடத்திலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மாற்றினால் போதும். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெண்கள் காபி மெஷினுக்கே பெட்டி பெட்டியாக டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கிறார்கள். அதுவும் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மின்சாரத்தின் ஹெர்ட்ஸை நம்பி ஓடும் அமெரிக்கக் கடிகாரம் இங்கே ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் பின்தங்கும்.

இப்போது நிலைமை தலைகீழ். என் அம்மா திருநெல்வேலியிலிருந்து அனுப்பிய கிரைண்டர் நாங்கள் போகப்போகும் டெக்சாஸில் ஓடாது. கொண்டுபோவதா, யாருக்காவது கொடுப்பதா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 7

சாமான் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், தெரியாமல் தவிக்கக் கூடாது.

பேக்கர்கள் வரும் நாளில் வீட்டில் இருப்பது எல்லாமே அவர்களுக்குச் சரக்குதான். குப்பைக்கூடையைக் குப்பையோடு சுற்றிக் கட்டிவிடுவார்கள். பாஸ்போர்ட், ஆர்டர் நகல்கள், பள்ளிச் சான்றுகள், தடுப்பூசி அட்டை, நகை, மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் காரில் பூட்டிவிடுங்கள். ஓர் அறைக் கதவில் "தொடாதே" என்று காகிதம் ஒட்டினால் மட்டும் போதாது.

அவசரச் சரக்கு முதலில் போகும்: பாத்திரம், படுக்கை விரிப்பு, குழந்தைத் துணி. பெரிய சரக்கு கப்பலில் வரும், இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகலாம். அது போன பிறகு ஹவுசிங் அலுவலகத்திலிருந்து கடனாகக் கட்டில், மேசை, நாற்காலி தருவார்கள். கடைசி நாள்களில் விடுதியில் தங்குவதற்கும் படி உண்டு, வழக்கமாக 10 நாள் வரை.

கார் அனுப்புகிறீர்கள் என்றால் அடிப்பக்கம் வரை கழுவ வேண்டும். மண், விதை, பூச்சி எதுவும் இருக்கக் கூடாது, அமெரிக்க வேளாண் விதி அது. டாங்கில் கால்வாசிக்கு மேல் பெட்ரோல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். அரசு செலவில் ஒரு வண்டிதான் போகும். இங்கே வாங்கிய பழைய ஜெர்மன் வண்டியைப் புதிதாக வந்திறங்கும் குடும்பத்துக்கு விற்றுவிடுவதுதான் வழக்கம். எங்கள் வண்டிக்கு நாங்கள் எத்தனையாவது குடும்பமோ தெரியாது. கையுறைப் பெட்டியில் பழைய ரசீதுகள் வேறு வேறு பெயர்களில் இருக்கின்றன.

பயன்படுத்தாத வரிவிலக்குப் படிவங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெட்ரோல் ரேஷன் அட்டையை மூட வேண்டும். இதெல்லாம் முடிந்தால்தான் கணவரின் 'கிளியரிங்' தாளில், அதாவது பேஸில் எல்லாக் கணக்கும் முடிந்தது என்று காட்டும் தாளில், முத்திரை விழும்.

ஜூன் 8

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். கடைசி மாதம் முழுவதையும் அந்தக் 'கிளியரிங்' தாள் தின்றுவிடும் என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். முத்திரைக்கு அலைவதே ஒரு வேலையாகிவிடும். சாமானைக் கட்டவும் விமானத்தில் ஏற்றவும் ராணுவம் ஆள் வைத்திருக்கிறது. நீங்கள் யாரிடம் சொல்லிக்கொண்டு போக வேண்டும் என்று எந்தத் தாளிலும் கட்டம் இல்லை. அதை நீங்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும். வேலிக்கு வெளியே இருப்பவர்களை முதலில் போடுங்கள். உள்ளே இருப்பவர்களை அடுத்த போஸ்டிங்கில் எங்காவது பார்ப்பீர்கள். வெளியே இருப்பவர்களைப் பார்க்கவே மாட்டீர்கள்.

ஜூன் 12

இன்று கீழ் வீட்டு அம்மாவிடம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டுச் சொந்தக்காரர், எழுபதைத் தாண்டியவர். மூன்று வருடம் அவர் தலைக்கு மேல் நடந்திருக்கிறோம். குப்பை எந்த நாள், படிக்கட்டைக் கூட்டுவது யார் முறை, ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக் கூடாது, இதைத் தாண்டி அதிகம் பேசியதில்லை. வீடு ஒப்படைப்பது பற்றிப் பேசப் போனேன். அவர் கேக் வெட்டிவைத்திருந்தார்.

பேச்சுவாக்கில் என் மகன் விமானம் பார்க்கும் பித்தைப் பற்றிச் சொன்னேன். ஜன்னலில் நின்றுகொண்டே இருப்பான், சி-17 எது, சி-130 எது என்று சத்தத்திலேயே சொல்வான். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் என் மகனை விமானம் பார்க்கக் கூட்டிப்போனேன்" என்றார்.

1988 ஆகஸ்ட் 28. ராம்ஸ்டைன் விமானக் கண்காட்சி. இத்தாலிய விமானப்படையின் சாகசக் குழு வானத்தில் இதயம் வரையும்போது மூன்று விமானங்கள் மோதிக்கொண்டன, ஒன்று எரிந்தபடி கூட்டத்துக்குள் வந்து விழுந்தது. 70 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் தீக்காயம் பட்டார்கள். இந்த அம்மா, பையன் வெயில் தாங்காமல் அழுதான் என்று அதற்குச் சற்று முன்புதான் வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறார். பின்னால் திரும்பிப் பார்த்தபோது புகை. அவரோடு போன பக்கத்து வீட்டுப் பெண் திரும்பி வரவில்லை.

பேஸுக்குப் போகும் வழியில் அந்த நினைவுக்கல்லைப் பற்றி எனக்குத் தெரியும். கடந்தும் போயிருக்கிறேன். ஆனால் அது என் காலுக்குக் கீழே இருக்கும் வீட்டின் கதை என்று தெரியாது. அவர் சொல்லவில்லை, நான் உட்காரவில்லை. "அமெரிக்கர்கள் மீது கோபம் இல்லையா?" என்று கேட்டேன். "யார் மீது? கோபப்படுவதற்குள் நீங்கள் மாறிவிடுகிறீர்கள். மூன்று வருடத்துக்கு ஒரு புதுக் குடும்பம்" என்றார். திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

தங்கச்சி, உங்கள் அண்ணன் சொன்ன பாதி எவ்வளவு பெரியது என்று இன்று எனக்கு உறைத்தது.

ஜூன் 13

"கிளம்பும் நேரத்தில் இப்படிக் கனமான கதை எதற்கு" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கிளம்புகிறவளிடம்தான் அவர் அதைச் சொன்னார். இருக்கப்போகிறவளிடம் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். கடைசி நாள்களில் ஜனங்களுக்கு ஒரு தைரியம் வருகிறது, நமக்கும் அவர்களுக்கும்.

ஜூன் 18

இது நீளமாக இருக்கும்.

ஹம் நகரத்தில் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு நேற்றுப் போய்வந்தோம். தெரியாதவர்களுக்கு: ஈழத் தமிழர்கள் எழுப்பிய கோயில். இப்போதிருக்கும் ராஜகோபுரத்தோடு கூடிய கட்டடத்துக்கு 2002-இல் குடமுழுக்கு நடந்தது. சுற்றிலும் தொழிற்பேட்டை, நடுவில் கோபுரம். முதல் தடவை பார்த்தபோது காரிலேயே அழுதுவிட்டேன்.

அங்கேதான் முதல் வருடத்தில், 'அன்ரி' (ஆன்ட்டி) என்று நான் கூப்பிடும் ஈழத்து அம்மாவைச் சந்தித்தேன். எங்களிடமிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊர்க்காரர் என்று பேச்சில் தெரிந்தது. தமிழ் கேட்டு அவ்வளவு நாளாகியிருந்ததால் நான் விடாமல் பேசினேன். "உங்கட மனுசன் என்ன வேலை பிள்ளை?" என்று கேட்டார். சொன்னேன்.

"ஆமியோ?"

"ஆமாம், அன்ரி. அமெரிக்க ஆர்மி."

அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நாங்கள் ஆமியைக் கண்டு ஓடிவந்த சனம், பிள்ளை" என்றார். கோபமாக இல்லை. ஆனால் அன்று வேறு எதுவும் பேசவில்லை.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஓடிவந்தவர். கிழக்கு பெர்லினில் விமானம் விட்டு இறங்கி, ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் வந்து அகதியாகப் பதிந்திருக்கிறார். அந்த வருடங்களில் அந்த வழியாகத்தான் நிறையத் தமிழர்கள் ஜெர்மனிக்குள் வந்தார்கள். சீருடை என்றாலே அவருக்கு என்ன நினைவு வரும் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இது வேறு நாட்டு ராணுவம், இவர் அங்கே பொருள் கணக்கு பார்க்கிறவர் என்று விளக்கம் சொல்ல என் வாய் வந்தது. சொல்லவில்லை. அந்தப் பயத்துக்கு முன்னால் அந்த விளக்கம் அற்பமாகத் தோன்றியது.

ஆனாலும் அவர்தான் அடுத்து போன் செய்தார். கறிவேப்பிலை வந்திருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போ என்று. அப்படியே பழகிவிட்டோம். என் கணவர் அவர் வீட்டுக்குப் போகும்போது ஒரு நாளும் சீருடையில் போனதில்லை. வேலை முடிந்து நேரே போக வேண்டியிருந்தாலும் பேஸ் ஜிம்மில் உடை மாற்றிக்கொண்டுதான் வருவார். யாரும் கேட்டுச் செய்ததில்லை, நானும் அவரும் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

ஜூன் 19

ஒருவர் கேட்டிருக்கிறார், இந்தியத் தமிழர் எப்படி அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார் என்று. மாவ்னி என்று ஒரு திட்டம் 2009-இல் தொடங்கினார்கள். கிரீன் கார்டு இல்லாவிட்டாலும், மாணவர் விசாவில் இருந்தாலும், ராணுவத்துக்கு வேண்டிய மொழி தெரிந்தால் சேரலாம். அந்தப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-க்குப் பிறகு புதிதாக ஆள் எடுப்பது நின்றுபோனது. இவர் அதற்கு முன்னால் சேர்ந்தவர். தமிழுக்காகச் சேர்க்கப்பட்டவர் ராணுவ வேலையில் தமிழ் பேசியதே கிடையாது. பேசியது அன்ரி வீட்டில்தான்.

நேற்று விட்டதை முடிக்கிறேன். 2021 ஆகஸ்டில் காபூல் விழுந்தபோது ராம்ஸ்டைனில் விமானம் விமானமாக ஆப்கன் மக்கள் வந்து இறங்கினார்கள். ஓடுபாதைக்குப் பக்கத்தில் கூடார நகரம். 34,000-க்கும் மேற்பட்டவர்கள் அந்த வழியாகக் கடந்து போனார்கள். பேஸ் பெண்கள் எல்லோரும் துணி பிரித்தோம், டயப்பர் அடுக்கினோம். அந்தப் பெண்களில் பலரை எனக்குப் பிடிக்காது. அரசியல் பேச்சு, கிசுகிசு. அந்த வாரங்களில் அவர்கள் வேலை செய்ததைப் பார்த்த பிறகு என் எண்ணம் மாறிவிட்டது.

அன்ரிக்குச் செய்தி தெரிந்து போன் செய்தார். "சின்னப் பிள்ளையள் கனக்க நிக்குதோ?" என்று மட்டும் கேட்டார். அந்த வார இறுதியில் மகனோடு காரில் வந்து இரண்டு பெரிய பை நிறையக் குழந்தைகளின் குளிர்கால உடுப்பு கொடுத்துவிட்டுப் போனார். துவைத்து, மடித்து, அளவு வாரியாகத் துண்டுச் சீட்டு குத்தி. ஆகஸ்ட் மாதம், வெயில். "இப்ப சூடு எண்டு நினைப்பினம். ஒக்டோபரில விளங்கும்" என்றார். கூடாரத்தில் குளிரப்போவதைப் பற்றி எங்களில் பலருக்கு அதுவரை நினைப்பே வரவில்லை. அக்டோபர் வரை அங்கே மக்கள் இருந்தார்கள்.

ஜூன் 24

கிரீன் கார்டில் இருக்கும் மனைவி கணவரோடு வெளிநாட்டில் இருந்த காலம் குடியுரிமைக்குக் கணக்கில் வருமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். படையினரின் ஆர்டரில் உங்கள் பெயர் இருந்து, அவரோடு இங்கே வாழ்ந்திருந்தால், அந்தக் காலம் குடியுரிமைக்கு அமெரிக்காவில் வாழ்ந்ததாகவே கணக்கில் வரும். 2008-இல் வந்த சட்டத் திருத்தம். மனு, நேர்காணல், உறுதிமொழி எல்லாவற்றையும் வெளிநாட்டில் இருந்தபடியே முடிக்கவும் வழி உண்டு. முடிக்காமல் திரும்புகிறவர்கள் ஆர்டர் நகலைக் கையோடு வைத்திருங்கள், குடிநுழைவில் கேட்பார்கள். பேஸ் சட்ட அலுவலகத்தில் இலவசமாகச் சொல்வார்கள், கிளம்புவதற்கு முன் ஒரு நடை போய்விடுங்கள்.

ஜூன் 27

பெரிய சரக்கு போய்விட்டது. கடன் கட்டில், கடன் மேசை. பையனுக்குக் கொண்டாட்டம், காலி அறையில் பந்து விளையாடுகிறான்.

பேஸ் தோழிகளைப் பற்றி முன்பு "எங்காவது பார்ப்பீர்கள்" என்று லேசாக எழுதிவிட்டேன், அது முழுக் கதை இல்லை. இங்கே நட்பு வேகமாகப் பிடிக்கும். போய் இறங்கிய வாரத்திலேயே பெயர் தெரியாத ஒருத்தி சாப்பாடு கொண்டுவந்து வைப்பாள். உங்கள் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர அவசரத் தொடர்பாக அவள் பெயரைத்தான் எழுதியிருப்பீர்கள். அப்புறம் அவள் ஆர்டர் வரும், போய்விடுவாள். யாருக்கும் யார் மீதும் வருத்தம் இல்லை. கோடை வந்தால் பாதித் தெரு காலியாகும்.

நேற்று விடைகொடுக்கும் கூட்டம். கணவருக்கு நினைவுப் பலகை கொடுத்தார்கள், எனக்கு ஒரு பூங்கொத்து. பேசச் சொன்னார்கள். நன்றி என்று மட்டும் சொன்னேன். சொல்ல நினைத்தது வேறு: இவர் எல்லைப் பயிற்சிக்குப் போயிருந்தபோது எனக்குக் கரு கலைந்தது. ராத்திரி லாண்ட்ஸ்டூலுக்குக் கூட்டிப்போனவள் மேல் தெரு அலபாமாக்காரி. அம்மாவுக்குப் போன் போட்டுக் கையில் கொடுத்தவளும் அவள்தான். இரண்டு பேருக்கும் மொழி புரியாது, ஆனால் அம்மா அவளிடம் கால் மணி நேரம் பேசினார், அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் போன வருடமே மாற்றலாகிப் போய்விட்டாள். அந்தக் கூட்டத்தில் அவளைத் தெரிந்தவர்கள் ஒருவர்கூட இல்லை.

ஜூலை 1

கிரைண்டர் அன்ரிக்கு. இவர்தான் தூக்கிக்கொண்டு படியேறினார். கொடுத்த உடனே சமையலறையில் வைத்து, தண்ணீர் ஊற்றி, ஓடவிட்டுப் பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமை இதைப் போடேலாது. கீழ் வீட்டு ஆக்கள் கதைப்பினம்" என்றார். பிறகு இவரிடம், அமெரிக்காவில் எந்த ஊர், போர் ஏதும் வந்தால் அனுப்புவார்களா என்று கேட்டார். வரலாம் என்றார் இவர். அன்ரி உள்ளே போய்த் திருநீறு எடுத்துவந்து பூசிவிட்டார். கடைசியில் "உடுப்பு மாத்திக்கொண்டு வாறது எனக்குத் தெரியும், தம்பி" என்றார்.

இவர் திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரம் கட்டினார். நான் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 5

வீடு ஒப்படைத்தாயிற்று. மீட்டர் எண்களை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். சுவரில் ஆணித் துளை, அதற்குக் கழித்தது நியாயமான தொகைதான். கீழ் வீட்டு அம்மா பையனுக்கு ஒரு பழைய விமான பொம்மை கொடுத்தார், அவர் மகனுடையது. அடுத்து வரும் குடும்பத்துக்காக ஒரு காகிதத்தில் எழுதிவைத்திருக்கிறேன்: குப்பை நாள்கள், கொதிகலன் பொத்தான், கீழே இருப்பவர் பெயர், வெள்ளிக்கிழமை மதியம் அவரோடு காபிக்கு உட்காருங்கள் என்று.

நாளை ராம்ஸ்டைனிலிருந்து பால்டிமோர் விமானம்.

ஜூலை 21, டெக்சாஸ்

அவசரச் சரக்கு வந்துவிட்டது, பெரிய சரக்கு வரவில்லை. அம்மா போனில் "ஊருக்கு வந்துட்டியா?" என்று கேட்கிறார், எந்த ஊரைச் சொல்கிறார் என்று நானும் கேட்கவில்லை. பையன் இங்கே போகும் விமானங்களின் சத்தம் சரியில்லை என்கிறான்.

கேள்வி கேட்ட தங்கச்சி நேற்றுத் தனியாக எழுதியிருந்தார். பதின்மூன்று நாள்தான் இருக்கிறதாம், மூன்று வருடமாக வணக்கம் மட்டும் சொல்லிவந்த ரொட்டிக் கடைக்காரியிடம் என்ன பேசுவது என்று கேட்கிறார். ஜெர்மன் வராவிட்டாலும் பரவாயில்லை, கடை மூடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போங்கள், கூட்டம் இருக்காது. குழந்தையையும் கூட்டிப்போங்கள். பள்ளிப் பதிவேட்டை மட்டும் மறக்காமல் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், இங்கே சேர்க்கை தொடங்கிவிட்டது.